ரசிகர்களுக்கு மாதந்தோறும் படக்கடிதம் அனுப்புவது எப்படி?

கேள்வி இதுதான்: "கோட்டோவியம் வரைவேன், குட்டிக் கதைகளும் எழுதுவேன், ரப்பரில் அச்சு செதுக்குவேன். என் படங்களை விரும்பிக் கேட்கிற ஐம்பது பேருக்கு மாதம் ஒருமுறை தபாலில் ஏதாவது அனுப்ப ஆசை. என்ன வடிவம், என்ன காகிதம், எவ்வளவு எழுதலாம், எங்கே சறுக்கும்?"

காகிதத்தின் அளவை முதலில் முடிவு செய்துவிடுங்கள். கதையைப் பிறகு யோசிக்கலாம். கதையை எழுதி முடித்துவிட்டு அதற்குக் காகிதம் தேடினால் எழுத்து பொடியாகும், படம் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். அளவு முதலிலேயே தெரிந்தால் அந்த இடத்துக்கேற்பக் கதை தானே சுருங்கிக் கூராகும்.

இந்த வடிவத்துக்கு நல்ல முன்னோடி, குழந்தைகளுக்கான படக்கதைகளை எழுதி வரைந்த ஆங்கிலேயர் பியாட்ரிக்ஸ் பாட்டர். 1893 செப்டம்பர் 4 அன்று ஸ்காட்லாந்தின் டன்கெல்டு ஊரிலிருந்து, தன் பழைய ஆசிரியையின் மகனான ஐந்து வயதுச் சிறுவனுக்கு அவர் கடிதம் எழுதினார். பையன் நோயில் படுத்திருந்தான். எழுதச் செய்தி எதுவும் இல்லாததால் நான்கு முயல்குட்டிகளின் கதையைச் சொன்னார். சில வரி எழுத்து, உடனே ஒரு பேனாச் சித்திரம், மறுபடி சில வரி என்று கடிதம் போகிறது. பின்னாளில் உலகம் முழுக்கப் போன பீட்டர் முயல் முதலில் குதித்தது அந்தத் தாளில்தான். மறுநாளே அவனுடைய தம்பிக்குத் தவளைக் கதை ஒன்று போனது. அதுவும் பிறகு புத்தகமாயிற்று. அந்தக் கடிதத்தில் எழுத்தும் படமும் ஒரே மூச்சில் ஒரே கையிலிருந்து வந்தன. நீங்கள் அனுப்பப்போவதிலும் அந்தத் தன்மை இருந்தால் போதும், மற்றதெல்லாம் தொழில்நுட்பம்.

ஐம்பது பேருக்கு ஏற்றது ஒரே ஏ4 தாளில் மடிக்கிற எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். தையல் வேண்டாம், பின் வேண்டாம், பசை வேண்டாம். ஒரே ஒரு வெட்டு. ஏ4 என்பது 297 × 210 மில்லிமீட்டர். மடித்தபின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 74 × 105 மில்லிமீட்டர், அதாவது சட்டைப்பை அளவு. தாளின் மறுபக்கம் முழுவதும் வெறுமையாக இருக்கும். அங்கே ஒரு பெரிய படத்தை வையுங்கள். புத்தகத்தைப் பிரித்தால் சுவரில் ஒட்டக்கூடிய படம் கிடைக்கும். பெற்றவர் அதைக் கண்டுபிடிக்கிற நொடிக்காகவே இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பக்க அமைப்பில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தாளை அகலவாக்கில் வைத்து மேலே நான்கு, கீழே நான்கு என்று கட்டம் போடுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. இவை நேராக நிற்கும். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4. இவை நான்கும் தலைகீழாக இருக்க வேண்டும். 1 முன் அட்டை, 8 பின் அட்டை. கணினியில் அடுக்குவதற்கு முன் வெற்றுத் தாள் ஒன்றை மடித்து, பென்சிலால் எண் போட்டு, பிரித்துப் பார்த்துவிடுங்கள். அந்த மாதிரித் தாள் மேசையில் இருந்தால் குழப்பமே வராது.

மடிப்பது இப்படி. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு குறுக்குவாக்கில் பாதி, அதையும் பாதி என்று மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் விழும். இப்போது குறுக்குவாக்கில் பாதியாக மட்டும் மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்ட நீளம் வெட்டுங்கள். அடுத்த மடிப்புக்கோட்டைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் போனாலும் அந்த மூலை நாலைந்து முறை திறந்ததும் கிழியத் தொடங்கும். பிரித்து, குட்டிப் பக்கங்கள் வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் நடுநோக்கித் தள்ளுங்கள். வெட்டு வைரம்போல் விரிந்து, பிறகு கூட்டல் குறிபோல் சேரும். முன் அட்டை மேலே வரும்படி சுற்றிவிட்டால் புத்தகம் தயார். மடிப்புகளை ஸ்கேல் ஓரத்தாலோ கரண்டிக் காம்பாலோ ஒருமுறை அழுத்தித் தேயுங்கள். நகத்தால் தேய்த்தால் காகிதம் பளபளத்துத் தடம் விழும்.

காகிதம் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை சரியாக இருக்கும். எக்ஸிகியூட்டிவ் பாண்ட் என்று கேட்டால் ஸ்டேஷனரிக் கடையில் தருவார்கள். ஜெராக்ஸ் கடையில் வழக்கமாகப் போடும் 70, 75 ஜிஎஸ்எம் தாளில் மறுபக்கப் படம் நிழலாகத் தெரியும். 150-க்கு மேல் போனால் எட்டு அடுக்கும் சேர்ந்து புத்தகம் மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும். தூய வெள்ளையைவிடச் சற்றே மஞ்சள் கலந்த தாளில் கோட்டோவியம் இதமாகத் தெரியும். ஆனால் நீல நிறக் கழுவல் (நீர் கலந்த மெல்லிய வண்ணப்பூச்சு) அந்தத் தாளில் பச்சையாகத் திரும்பும், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத்து. 74 மில்லிமீட்டர் அகலத்தில் இருபுறமும் 6 மில்லிமீட்டர் விட்டால் 62 மிஞ்சும். தமிழ் எழுத்து அகலமானது, சொற்களும் நீளம். 10 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். கொக்கியும் விசிறியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளி 15 புள்ளியாவது வேண்டும். 12 வைத்தால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யோடு மோதும். இரு ஓரமும் சமமாக வரும்படி நீட்டாதீர்கள். குறுகிய பத்தியில் தமிழை அப்படி இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும். பாதிப் பக்கம் படத்துக்கு என்று வைத்தால் பக்கத்துக்கு 20 முதல் 25 சொல், ஆறு உள்பக்கங்களுக்கும் சேர்த்து 120 முதல் 150 சொல். மொத்தக் கதையும் அவ்வளவுதான். போதவில்லை என்று தோன்றினால் கதையில் இரண்டு கதை இருக்கிறது; ஒன்றை அடுத்த மாதத்துக்கு வையுங்கள்.

150 சொல்லில் ஒன்றைக்கூட வீணாக்காமல் இருக்க ஒரு சோதனை உண்டு. படத்தில் தெரிவதை எழுத்து சொல்லக் கூடாது. "பாட்டி கடைக்குக் கிளம்பினாள். நேரமாகிவிட்டது என்று கவலை" என்று எழுத்து இருக்கட்டும். படத்தில் பாட்டி நத்தை மேல் உட்கார்ந்து, கையில் சாட்டையோடு போகட்டும். "பாட்டி நத்தை மேல் ஏறிப் போனாள்" என்று எழுதிவிட்டால் படம் வெறும் சாட்சியாகிவிடும். எழுத்தை மூடிக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள், பிறகு படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள். இரண்டுமே தனியாகப் பார்க்கையில் குறையாகத் தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பக்கம் புரட்டுவதும் ஒரு கருவிதான். உள்ளே 2-3, 4-5, 6-7 என்று ஜோடி ஜோடியாகத் திறக்கும். எதிர்பாராத திருப்பத்தை 3-லோ 5-லோ வைத்தால், இடப்பக்கத்தைப் படிக்கும்போதே கண் வலப்பக்கத்துக்கு ஓடித் தெரிந்துகொண்டுவிடும். கேள்வி 3-இல், விடை 4-இல். மறுபடி சிக்கல் 5-இல், அவிழ்ப்பு 6-இல். 7 அடங்குவதற்கு. பின் அட்டையில் கடைசியாக ஒரு சின்னப் படம், எழுத்தில்லாமல்.

வேடிக்கைப் படம் வரைவோரிடம் அடிக்கடி காணும் பலவீனம், எல்லாவற்றையும் ஒரேயடியாக வேடிக்கையாக்குவது. யானைக்குச் சிறகு, மரத்துக்குக் கண், நிலாவுக்குச் செருப்பு என்று எல்லாம் ஒரே படத்தில் வந்தால் எதுவும் ஆச்சரியமாக இராது. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான எட்வர்ட் லியரைப் பாருங்கள். குறும்புப் பாட்டும் கிறுக்குச் சித்திரமும் எழுதிய அதே மனிதர், பதினெட்டு வயதில் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் உயிருள்ள கிளிகளை அளந்து பார்த்து வரையத் தொடங்கியவர். 1830 முதல் 1832 வரை வெளிவந்த அவருடைய கிளித் தொகுப்பில் 42 கல்லச்சுப் படங்கள். ஒவ்வொரு இறகும் இடம் தவறாமல் இருக்கும். பிற்காலத்தில் அவர் கற்பனைத் தாவரங்களை வரைந்து, லத்தீன் போன்ற பெயர்களும் சூட்டினார். காம்பு, இலை, கணு எல்லாம் தாவர நூல் படம்போல ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒன்றில், பூ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மனிதர்கள் தலைகீழாகத் தொங்குவார்கள். சிரிப்பு வருவதே அந்த ஒழுங்கினால்தான். பாட்டரும் அப்படியே. நுண்ணோக்கியில் காளான்களை ஆண்டுக்கணக்கில் பார்த்து வரைந்தவர் அவர். காளானின் நுண்வித்து முளைப்பது பற்றிய அவர் கட்டுரை 1897-இல் உயிரியல் ஆய்வாளர்களின் அமைப்பான லண்டன் லின்னியன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அனுமதி இல்லாததால் அந்தக் கூட்டத்துக்கு அவரால் போக முடியவில்லை. அவர் வரைந்த முயலின் முதுகெலும்பும் பின்னங்காலும் நிஜ முயலுடையவை. நீலச் சட்டை ஒன்றுதான் பொய்.

ஆகவே ஒரு படத்தில் ஒரே ஒரு பொய். முருங்கை மரம் வரைந்தால் சிற்றிலைக் கொத்தும், முறிந்த கிளையும், பட்டையில் வடியும் பிசினும் உண்மையாக இருக்கட்டும். காய்க்குப் பதிலாக மடக்கிய குடைகள் தொங்கட்டும்.

வரைவதை இரண்டு மடங்கு அளவில் செய்யுங்கள். ஏ5 தாளில் வரைந்து ஐம்பது சதவீதத்துக்குச் சுருக்கினால் சரியாக இந்தக் குட்டிப் பக்கம் வந்துவிடும். சுருக்கும்போது கோடும் பாதியாகும் என்பதை மறக்கக் கூடாது. 0.1 முனைப் பேனாவால் போட்ட நுண்கோடுகள் அச்சில் புள்ளி புள்ளியாக உடைந்துபோகும். வெளிக்கோட்டுக்கு 0.5 அல்லது 0.8, உள்விவரத்துக்கு 0.3 போதும். கையெழுத்திலேயே கதையை எழுதுவதானால் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகளை வழக்கத்தைவிட அகலமாகத் திறந்து எழுதுங்கள். இல்லையென்றால் சுருங்கியதும் சுழி அடைத்துக் கரும்புள்ளியாகிவிடும்.

மை நீரில் கரையாததாக இருக்க வேண்டும். கோடு போட்டுவிட்டு மேலே வாட்டர்கலர் தடவும்போது கரைகிற மையானால் முகமெல்லாம் சாம்பல் பூசியதாகும். பேனாவின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அதே காகிதத் துண்டில் கோடு போட்டு, பத்து நிமிடம் காயவிட்டு, ஈரத் தூரிகையால் இழுத்துப் பாருங்கள். மூலப் படத்தில் வண்ணம் அதிகம் தடவுவதென்றால், வரைவதற்கு 300 ஜிஎஸ்எம் தாள் வளையாது. 200 ஆனால் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, காய்ந்தபின் எடுங்கள்.

ஏ5 மூலத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்து பாதியாகச் சுருக்கினால் அச்சில் 600 டிபிஐ தெளிவு கிடைக்கும். கோட்டோவியத்துக்கு அது போதும். வீட்டு ஸ்கேனர்களில் பல கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். தாள் வளைந்திருந்தால் அந்த இடம் மங்கும். மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்புக் கழுவலும் ஸ்கேனில் காணாமல் போவது வழக்கம், அவற்றை ஒரு படி அழுத்தமாகத் தடவியிருக்க வேண்டும். திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சையும் மயில்நீலமும் அச்சில் மங்கித்தான் வரும். அச்சு மைகளுக்கு அந்த நிறங்களை எட்டும் சக்தி கிடையாது.

வண்ணம் கட்டாயமா என்றால், இல்லை. பாட்டர் தன் முயல் கதையைப் பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பியபின், 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார். முகப்புப் படம் மட்டுமே வண்ணம், உள்ளே எல்லாம் கறுப்புக் கோடு. நல்ல வண்ண அச்சுக்கு ஆகும் செலவையும், பெரும்பாலான படங்கள் முயல் பழுப்பும் பச்சையுமாகத்தானே இருக்கின்றன என்பதையும் அவரே காரணமாகச் சொன்னார். அந்தப் பிரதிகள் தீர்ந்து மேலும் 200 போட வேண்டியிருந்தது. வண்ணப் பதிப்பு 1902-இல் ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் வழியாக வந்தது.

கறுப்பில் அச்சிட்டு ஒரே ஒரு இடத்தில் கையால் வண்ணம் தொடுவது இன்னும் அழகு. ஒரு பலூன், ஒரு மூக்கு, ஒரு குடை. லியரின் கிளிகளும் கல்லில் அச்சாகிக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவைதான். இதற்கு லேசர் பிரிண்ட் வேண்டும். லேசர் டோனர் தாளின் மேல் உருகி ஒட்டிய பிளாஸ்டிக். நீர் பட்டால் கரையாது. வீட்டு இங்க்ஜெட்டின் சாய மை கரையும். தூரிகையில் நீர் குறைவாக இருக்கட்டும், 120 ஜிஎஸ்எம் தாள் சின்னத் தொடுகையைத் தாங்கும், குளிப்பாட்டினால் சுருங்கும். ரப்பரில் செதுக்கிய அச்சையும் இதேபோல ஒரு இடத்தில் குத்தலாம். எழுத்து செதுக்குவதென்றால் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்க வேண்டும். டிரேசிங் தாளில் எழுதித் திருப்பிப் போட்டால் பிழை வராது.

அச்சுக் கடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அளவு நூறு சதவீதம். 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் மூன்று நான்கு சதவீதம் சுருங்கி, மடிப்பு படத்தின் மேல் விழும். இரண்டு, முதல் தாளை எடுத்து மடித்துப் பார்த்தபின்தான் மீதி. மூன்று, மறுபக்கம் அடிப்பதற்கு முன் தாள்கள் ஆறட்டும். சூட்டோடு மறுபடி உள்ளே போனால் சுருண்டு சிக்கும். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விலகுவது சகஜம் என்பதால், பெரிய படத்தை மடிப்புக்கோட்டோடு பொருத்திப் பார்க்கும்படி வரையாதீர்கள். இயந்திரம் நான்கு ஓரமும் 5 மில்லிமீட்டர் அச்சிடாது, அங்கே எதையும் வைக்க வேண்டாம். மடிப்பின் மேல் அடர்கறுப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டோனர் நாருக்குள் இறங்காது, மடித்ததும் உதிர்ந்து வெள்ளைக் கீறல் தெரியும். ஐம்பது வேண்டுமென்றால் ஐம்பத்தைந்து எடுங்கள், மடிப்பதிலும் வெட்டுவதிலும் சில போகும்.

எடைக் கணக்கு எளிது. 120 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஏழரை கிராம். சிறிய கவர் ஏறக்குறைய 4 கிராம். சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படி 20 கிராம் வரை என்பதால் ஒரு துண்டுச் சீட்டுக்கும் இடம் உண்டு. அரக்கு முத்திரை, பொத்தான், விதை என்று புடைப்பான எதையும் வைக்காதீர்கள். தபால் முத்திரை விழும்போது நொறுங்கும் அல்லது கவரைக் கிழிக்கும். மழை மாதங்களில் முகவரியையும் கரையாத மையில் எழுதுங்கள், பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக. நனையாமல் இருக்கப் பளபள பிளாஸ்டிக் உறையில் போடுவார்கள் சிலர். வெயிலில் டோனர் அந்தப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு படத்தையே உரித்துவிடக்கூடும். பட்டர் பேப்பரில் சுற்றுவதே பாதுகாப்பு.

கவருக்குள் இன்னொரு சின்ன இன்பம் சேர்க்கலாம். 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாட்டர் தனக்குத் தெரிந்த குழந்தைகளுக்கு, தன் கதைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதுபோலப் பொடிக் கடிதங்கள் எழுதினார். தாளே மடிந்து உறையாகும், மூலையில் வரைந்த தபால்தலை இருக்கும். முயலிடமிருந்து ஒரு புகார், பதிலுக்கு ஒரு மன்னிப்பு. உங்கள் கதையில் வந்த நத்தை, பாட்டிக்கு எழுதும் நாலு வரிக் கடிதத்தை உள்ளங்கை அளவுத் தாளில் மடித்து வையுங்கள். வரைந்த தபால்தலை உள்ளே இருக்கும் உறையில் மட்டும். வெளிக் கவரில் அசல் தபால்தலையைத் தவிர வேறு தலை எதுவும் கூடாது.

லியர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் பார்த்துப் படிக்க வேண்டியவை. 1864-இல் ஒரு நண்பருக்கு நத்தை ஓட்டின் சுருளுக்குள் வரிகளைச் சுற்றிச் சுற்றி எழுதி அனுப்பினார்; தாளைத் திருப்பிக்கொண்டே படிக்க வேண்டும். அந்த நண்பரின் உறவினர்தான் பின்னர் இந்திய வைஸ்ராயாகி லியரை இங்கே அழைத்தவர். 1874-இல் மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் திருச்சியையும் லியர் வரைந்தது அந்தப் பயணத்தில்தான். சுருள் எழுத்தைத் தமிழில் முயல்வதானால் சுருளின் உள்வட்டத்தில் குறில் மிகுந்த சின்னச் சொற்களை வையுங்கள். 'ஔ', 'ணை' போன்ற அகலமான எழுத்துகள் வளைவில் உடைந்ததுபோலத் தெரியும்.

பணம் பற்றி. சந்தாவை மூன்று மாதத்துக்குமேல் முன்கூட்டி வாங்காதீர்கள். லியரின் கிளித் தொகுப்பு சந்தாதாரர்களுக்கென்றே 175 பிரதி மட்டும் போடப்பட்டது. படம் அச்சானதும் கல்லிலிருந்து அழிக்கப்பட்டது. எண்ணிக்கையை அப்படி வரையறுப்பது நல்ல பழக்கம், ஒவ்வொரு பிரதியிலும் 7/50 என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆனால் அந்த வேலை அவருக்கு லாபம் தரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள். கையால் செய்யும் வேலைக்கு நேரம்தான் பெரிய செலவு. ஐம்பது பிரதியை மடிக்க, வெட்ட, வண்ணம் தொட, முகவரி எழுதப் பிரதிக்கு ஐந்து நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகும். அதைக் கணக்கில் எடுத்தே தொகை வையுங்கள்.

பதில் கடிதங்கள் வரும். மூமின் கதைகளை எழுதி வரைந்த ஃபின்லாந்தின் தோவே யான்சனுக்கு ஆண்டுக்குச் சுமார் 2000 கடிதங்கள் வந்தன, அவர் கையாலேயே பதில் எழுதிவந்தார். அது எவருடைய வரையும் நேரத்தையும் விழுங்கிவிடும். எனவே அடுத்த இதழின் 8-ஆம் பக்கத்தையே பொதுப் பதிலாக்கிக்கொள்ளலாம். குழந்தைகள் எழுதியவற்றுக்கு மட்டும் தனியே ஓர் அஞ்சலட்டை, அதில் நாலு வரியும் ஒரு படமும்.

இன்னும் இரண்டு காரியம். பின் அட்டையின் அடியில் உங்கள் பெயரும் ஆண்டும் பொடியாக இருக்கட்டும். படைத்த கணத்திலேயே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெயரில்லாத படம் கைமாறிக் கைமாறி யாருடையதோ ஆகிவிடும். அடுத்தது, தனி ஒருவருக்காகக் கையால் எழுதிய கடிதமானால், உறையிலிடுமுன் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பாட்டருக்குத் தன் முயல் கடிதத்தைப் புத்தகமாக்கும் எண்ணம் வந்தபோது ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன, அவரிடம் பிரதி இல்லை. வளர்ந்துவிட்ட அந்தப் பையனிடம் கேட்டார். அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். இரவல் வாங்கி, படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.